மேசையில் கிடைத்த 10 டிகிரி மறுநாள் எங்கே போகிறது? ஹாம்ஸ்ட்ரிங்கும் மேனுவல் தெரபியும்

கேள்வி இது: ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசைகள்) இறுக்கம் என்று வருபவருக்கு மேனுவல் தெரபி, அதாவது கையால் செய்யும் சிகிச்சை, செய்தால், சிகிச்சை மேசையிலேயே கால் 8, 10 டிகிரி கூடுதலாக எழுகிறது. மறுநாள் அளந்தால் பழைய எண்தான். எந்த நுட்பம் உண்மையில் பலன் தரும்? எத்தனை நொடி, எத்தனை முறை? கிடைத்ததை நிறுத்திவைப்பது எப்படி?

கையால் செய்யும் நுட்பங்களில் பெரும்பாலானவை நெகிழ்வைக் கூட்டத்தான் செய்கின்றன. அதில் சண்டை இல்லை. ஒரே அமர்வில் தசையின் நீளம் கூடிவிடுகிறது என்று நினைப்பதில்தான் கோளாறு. நகர்வது, இழுபடுவதை உடல் எதுவரை பொறுத்துக்கொள்ளும் என்ற எல்லை. சில நிமிடங்களில் அது திரும்பி வந்துவிடும். அதற்குள் அந்தப் புதிய வீச்சில் காலுக்கு வேலை கொடுத்தீர்களா, இல்லை எழுந்து போகச் சொன்னீர்களா என்பதைப் பொறுத்தே அடுத்த வாரத்து எண் இருக்கும்.

இதற்கு ஆதாரம் பழையது. 1996-ல் மாக்னுசன் என்ற ஆய்வாளரும் சகாக்களும், ஆட்களின் ஒரு காலை மட்டும் மூன்று வாரம் ஸ்ட்ரெச் செய்யவைத்தார்கள், மறுகால் ஒப்பீட்டுக்கு. முழங்காலைக் கருவி மெதுவாக நீட்ட, ஒவ்வொரு கோணத்திலும் தசை எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்று பதிந்தார்கள். பயிற்சி பெற்ற கால் முன்பைவிடக் கூடுதல் கோணம் போனது. ஆனால் ஒரே கோணத்தில் ஒப்பிட்டால், எதிர்ப்பு முன்பு எவ்வளவோ அதேதான் பின்பும். தசை இளகியிருந்தால் அந்த எதிர்ப்பு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, ஆட்கள் கூடுதல் இழுவையைத் தாங்கிக்கொண்டார்கள், அவ்வளவே. 2010-ல் வெப்ளரும் மாக்னுசனும் இந்த வகை ஆய்வுகளைத் தொகுத்து எழுதியதும் இதே பக்கம்தான் சாய்ந்தது.

இளக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே கோணத்தில் நீட்டிப் பிடித்தால், 90 நொடிக்குள் எதிர்ப்பு விசை கணிசமாக இறங்கும். பாகு போன்ற தன்மை தசைக்கும் அதன் உறைக்கும் உண்டு. ஆனால் விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. பலன் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நேரடியாகவே அளந்தவர்களும் உண்டு. 30 நொடி நிலை ஸ்ட்ரெச்சை (அசையாமல் நீட்டிப் பிடிப்பதை) நான்கு முறை செய்தால் கிடைத்த பலன் 3 நிமிடம் நின்றது (2000). தசையைச் சுருக்கிப் பிடித்து, பிறகு தளர்த்தி நீட்டும் முறையை ஐந்து முறை செய்தால் கிடைத்தது 6 நிமிடம் (2001). உங்கள் 10 டிகிரி போன இடம் இதுதான்.

‘கையால் ஃபேசியாவை (தசையைச் சுற்றியுள்ள உறையை) நீட்டிவிட்டேன்’ என்று சொல்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2008-ல் சௌத்ரி குழு போட்ட கணிதமாதிரிப்படி, தொடையின் பக்கவாட்டு ஃபேசியா, பாதத்தின் அடி ஃபேசியா போன்ற தடித்த உறைகளில் 1 சதவீத அமுக்கமும் நகர்வும் உண்டாக்கவே மனிதக் கை சாதாரணமாகத் தரக்கூடியதைவிட மிக அதிக விசை வேண்டும். சிகிச்சையின்போது விரலுக்கடியில் எதுவோ ‘இளகியது’ போலத் தோன்றுவது பொய்யில்லை. நரம்பு மண்டலம் தசையின் விறைப்பைக் குறைக்கும்போதும் கைக்கு அப்படித்தான் படும்.

இனி அளவீடு. எந்த நுட்பம் நல்லது என்ற விவாதத்தில் பாதி, அளவீட்டுப் பிழையைப் பற்றிய விவாதம். ஹாம்ஸ்ட்ரிங் மூன்று தசைகள்: வெளிப்பக்கம் பைசெப்ஸ் ஃபெமோரிஸ், உட்பக்கம் செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ். பைசெப்ஸின் குட்டைத் தலையைத் தவிர மற்றதெல்லாம் உட்காரும் எலும்பில் தொடங்கி, இடுப்பு மூட்டையும் முழங்காலையும் கடந்து கீழே போய்ச் சேர்கின்றன. அதனால் இடுப்பெலும்பு துளி சுழன்றாலும் உங்கள் எண் மாறிவிடும். உட்கார்ந்து குனிந்து கால்விரலைத் தொடும் சோதனையை ஹாம்ஸ்ட்ரிங் அளவாக எடுக்காதீர்கள். அதில் முதுகின் வளைவு, தோள்பட்டையின் நீட்டம், கையின் நீளம் எல்லாம் கலந்திருக்கின்றன.

நம்பத்தக்கது 90-90 சோதனை. மல்லாந்து படுக்கவைத்து, அளக்காத காலின் தொடையைப் பட்டையால் மேசையோடு கட்டுங்கள். அளக்கும் காலின் இடுப்பு மூட்டை 90 டிகிரியில் நிறுத்தி, தொடை அங்கிருந்து அசையாதபடி ஒரு கையால் தாங்குங்கள். அவரே முழங்காலை நீட்டட்டும். பாதம் தளர்வாகத் தொங்கட்டும். கோணம் அளக்கும் கருவியான கோனியோமீட்டரின் மையம் முழங்காலின் வெளிப்புற எலும்புமுட்டில், ஒரு கரம் தொடை மேலே வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பை நோக்கி, மறுகரம் கணுக்காலின் வெளிமுட்டை நோக்கி. முழு நீட்டத்துக்கு 20 டிகிரிக்குள் குறைவாக இருந்தால் பொதுவாக இயல்பு என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. முதல் முயற்சியின் எண்ணைக் குறிக்காதீர்கள். ஐந்தாறு முறை நீட்டி மடக்கும்போதே கோணம் கூடும். அந்தக் கூடுதலைச் சிகிச்சையின் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆறாவது முயற்சியைத் தொடக்க அளவாக வையுங்கள். பிறகு கிடைக்கும் வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருந்தால், அது உங்கள் கையின் பிழையாகவும் இருக்கலாம்.

நேர்கால் தூக்கும் சோதனையும் செய்யுங்கள். கோணத்தைவிட, தடை எங்கிருந்து வருகிறது என்று அறிய அது உதவும். காலை மெதுவாகத் தூக்கி, தொடைப் பின்புறம் இழுக்கிறது என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சில டிகிரி இறக்கி இழுப்பு அடங்கவிடுங்கள். இப்போது காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் மேல்நோக்கி மடக்குங்கள். தொடைப் பின்புறத்து இழுப்பு மறுபடி ஏறினால் சந்தேகம் கீழ்முதுகிலிருந்து காலின் பின்புறமாக இறங்கும் சயாடிக் நரம்பின் மேல் போக வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங் கணுக்காலைக் கடப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: கெண்டைக்காலின் காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலுக்குச் சற்று மேலேயே தொடங்குகிறது, பாதத்தை மடக்கும்போது முழங்கால் குழியில் இழுத்தால் அது கெண்டைக்கால் தசையாகவும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்ல நல்ல சாட்சி கழுத்து. உட்கார்ந்து முதுகைக் கூன்போட்டு, முழங்காலை நீட்டிய நிலையில், தலையை நிமிர்த்தியதும் தொடை இழுப்பு குறைகிறதா? கழுத்துக்கும் தொடைக்கும் நடுவே எந்தத் தசையும் ஒரே வீச்சில் ஓடவில்லை. நரம்பு மண்டலம் ஓடுகிறது.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. இடுப்பெலும்பு முன்சாய்ந்து, கீழ்முதுகு உள்வளைந்து நிற்பவர்கள். இவர்களின் ஹாம்ஸ்ட்ரிங் மேல்முனை ஏற்கெனவே மேலே இழுபட்டிருக்கிறது. ‘எப்போதும் இறுக்கமாகவே இருக்கிறது’ என்பார்கள். அளந்தால் கோணம் இயல்பாக இருக்கும். இறுக்க உணர்வு வேறு, குட்டையாக இருப்பது வேறு. இவர்களுக்கு இன்னும் நீட்டிவிடுவது வேண்டாத வேலை. இடுப்பை மடக்கும் முன்பக்கத் தசைகளைப் பாருங்கள், பிட்டத் தசையின் பலத்தைப் பாருங்கள்.

சோதனை முடிந்தால், தசைதான் தடை என்று தெரிந்தவருக்கு நான் முதலில் எடுப்பது மசில் எனர்ஜி டெக்னிக், சுருக்கமாக எம்.இ.டி. ஃப்ரெட் மிட்செல் என்ற ஆஸ்டியோபதி (உடலைக் கையால் சரிசெய்யும் மருத்துவமுறை) மருத்துவர் வகுத்த வழி. 1940-களில் கபாட்டும் மார்கரெட் நாட்டும் உருவாக்கிய பி.என்.எஃப். என்ற நரம்பு-தசைப் பயிற்சி முறையின் பிடித்துத் தளர்த்தும் வகைக்கு நெருங்கிய உறவு. கருவி வேண்டாம், 4 நிமிடம் போதும், ஆள் தானே கட்டுப்படுத்துவதால் பயமும் குறைவு.

செய்முறை. அவர் மல்லாந்து படுக்க, நீங்கள் பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்து நிற்கவும். இடுப்பு 90 டிகிரி; அவர் கெண்டைக்கால் உங்கள் தோளில் அல்லது முன்கையில் சாயட்டும். உங்கள் மறுகை தொடையின் முன்புறம், முழங்காலுக்குச் சற்று மேலே. முழங்காலை மெதுவாக நீட்டிக்கொண்டே போய், முதல் தடை கைக்குப் படும் இடத்தில் நிறுத்துங்கள். வலிக்கும் இடம் அல்ல. கை ‘இங்கே ஏதோ பிடிக்கிறது’ என்று உணரும் இடம். அங்கே அவர் குதிகாலைக் கீழ்நோக்கி, தன் பிட்டத்தை நோக்கி அழுத்த வேண்டும். நீங்கள் அசையவிடாமல் தாங்க வேண்டும். பலம் ஐந்தில் ஒரு பங்கு போதும். 2004-ல் ஃபிலாண்டும் மாரினும் 20, 60, 100 சதவீத பலத்தில் சுருக்கவைத்து ஒப்பிட்டபோது ஹாம்ஸ்ட்ரிங் நெகிழ்வில் வித்தியாசம் கிடைக்கவில்லை. எனவே முழு பலத்தில் தள்ளவைத்து மல்லுக்கட்ட எந்தக் காரணமும் இல்லை. 7 முதல் 10 நொடி. பிறகு ‘விடுங்கள்’ என்று சொல்லி, இரண்டு மூன்று நொடி காத்திருங்கள். அவர் மூச்சை வெளியே விடும்போது முழங்காலைப் புதிய தடைவரை நீட்டி, 20 முதல் 30 நொடி பிடியுங்கள். மூன்று முதல் ஐந்து சுற்று. பெரும்பாலும் நான்காவது சுற்றுக்குப் பிறகு எண் நகராது, அங்கே நிறுத்திவிடலாம்.

வெளிப்பக்கத் தசைதான் கூடுதலாக இழுக்கிறது என்றால் காலைச் சற்று உள்நோக்கித் திருப்பிச் செய்யுங்கள். உட்பக்கம் என்றால் வெளிநோக்கித் திருப்பி, தொடையைச் சற்று விலக்கி வையுங்கள். பைசெப்ஸ் காலை வெளியே திருப்பும் தசை, மற்ற இரண்டும் உள்ளே திருப்புபவை. எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் அவை நீளும்.

கெடுவது எங்கே? முதலாவது, காலைத் தாங்கும் கை பாதத்தைப் பிடித்துத் தெரியாமலேயே மேலே மடக்கிவிடுகிறது. உடனே நரம்பும் சேர்ந்து இழுபட, ஆள் பதறித் தசையை இறுக்குவார். நீங்கள் ‘இன்னும் டைட்டாக இருக்கிறது’ என்பீர்கள். பிடி குதிகாலுக்கு மேலே இருக்கட்டும். இரண்டாவது, தடையைத் தாண்டி வலிக்கும் இடத்துக்குப் போய் அங்கே சுருக்கச் சொல்வது. மூன்றாவது, இடுப்பெலும்பு. நீங்கள் நீட்ட நீட்ட பிட்டம் மேசையைவிட்டு எழும். 10 டிகிரி கூடியது என்று மகிழ்வீர்கள், கூடியது முதுகின் வளைவு. மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளுபவரை எண்ணிக்கொண்டே தள்ளச் சொல்லுங்கள், தானாக மூச்சு ஓடும். தள்ளும்போது கெண்டைக்காலிலோ தொடையிலோ தசைப்பிடிப்பு வந்தால் பலத்தைப் பாதியாக்கி, பாதத்தைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

சுருக்கினாலே வலிக்கும் ஆளுக்கு வேறு வழி: ஹாம்ஸ்ட்ரிங்கைச் சுருக்கவைக்காமல், முன்தொடைத் தசையால் அவரே முழங்காலை நீட்டட்டும், நீங்கள் கூட வாருங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு, தசைநாணில் உள்ள கோல்கி உறுப்பு தூண்டப்பட்டுத் தசையை அடக்குகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த அடக்கம் சுருக்கம் முடிந்ததும் மிகச் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. 30 நொடி பிடிப்பதற்கு அது காரணமாக முடியாது. அதனால் இதையும் உடல் பொறுத்துக்கொள்ளும் எல்லை நகர்வதாகப் பார்ப்பதே இப்போதைய ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. தேர்வில் கேட்டால் கோல்கி என்று எழுதுங்கள், மேசையில் நின்றால் அதை நம்பி நொடிகளைக் கணக்கிடாதீர்கள்.

மசாஜ் பற்றி ஏமாற்றமான செய்திதான். 2004-ல் பார்லோவும் குழுவினரும் ஹாம்ஸ்ட்ரிங் மசாஜ் ஒரே முறை கொடுத்து, உட்கார்ந்து குனியும் சோதனையில் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அந்தச் சோதனையின் குறையை மேலேயே சொன்னேன், எனவே அதை வைத்து மசாஜைத் தூக்கிப் போடவும் வேண்டாம். தடவிவிடுவதைவிட, அழுத்திப் பிடித்துக்கொண்டு அசைக்கும் முறை நெகிழ்வுக்கு ஏற்றது. குப்புறப் படுக்கவைத்து முழங்காலை 90 டிகிரி மடக்குங்கள். தொடையின் மேல் மூன்றில் ஒரு பங்கில், தசையின் நடுத் திரட்சியில் உள்ளங்கை அடிப்பகுதியை வைத்து, உட்காரும் எலும்பை நோக்கிச் சாய்த்து அழுத்துங்கள். அழுத்தத்தை விடாமல், மறுகையால் முழங்காலை 3, 4 நொடியில் நீட்டுங்கள். மடக்கி, இரண்டு விரல் கீழே நகர்த்தி மறுபடி. ஆறேழு இடம், இரண்டு சுற்று. எண்ணெய் அதிகம் பூசினால் பிடி வழுக்கும். இதற்குத் துளியும் வேண்டாம். முழங்கால் குழியில் அழுத்தவே கூடாது. ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே மேலாக ஓடுகின்றன. தொடை நடுவில் அழுத்தும்போது பாதம்வரை மின்சாரம் போல ஓடினால் சயாடிக் நரம்பின் மேல் நிற்கிறீர்கள், ஒரு அங்குலம் விலகுங்கள்.

உலோகக் கருவியால் சீவும் முறையும் ஃபோம் ரோலரும் (காலடியில் வைத்து உருட்டும் நுரை உருளை) ஏறக்குறைய இதே வரிசை. தோல் சிவக்கச் சிவக்கச் சீவினால்தான் பலன் என்பது கட்டுக்கதை. ரத்தப்புள்ளி தெரிந்தால் அழுத்தம் அதிகம் என்றே பொருள். ரோலரில் ஒரு காலுக்கு 1 முதல் 2 நிமிடம்.

நரம்பு பக்கம் சோதனை கை காட்டினால் ஸ்லைடர், அதாவது நரம்பை வழுக்கி நகரவைக்கும் பயிற்சி. உட்கார்ந்து கூன்போட்ட நிலையில், முழங்காலை நீட்டும் அதே நேரம் தலையை நிமிர்த்த வேண்டும். முழங்காலை மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். ஒரு முனையில் நரம்பு இழுபடும்போது மறுமுனையில் தளர்கிறது; ஆக நரம்பு நீளாமல் தன் பாதையில் வழுக்கி நகர்கிறது. இரண்டு நொடிக்கு ஓர் அசைவு, 10 முதல் 15 முறை, மூன்று சுற்று. எங்கும் நிறுத்திப் பிடிக்கக் கூடாது. தலையையும் பாதத்தையும் ஒரே சமயத்தில் இழுக்கும் திசையில் வைத்தால் இது டென்ஷனர், அதாவது நரம்பையே இழுக்கும் பயிற்சி, ஆகிவிடும். எரிச்சலில் இருக்கும் நரம்புக்கு அது அன்று இரவே பதில் சொல்லும். பயிற்சியின்போது மரத்துப்போவதோ ஊசி குத்துவதோ வந்தால் வீச்சைப் பாதியாக்குங்கள்.

நேர்காலைத் தூக்கவே அஞ்சும் ஆளுக்கு, நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் பிரையன் மல்லிகனின் மடக்கிய கால் தூக்கும் முறை நன்றாகக் கைகொடுக்கும். மடங்கிய முழங்காலை உங்கள் தோளின் மேல் வைத்து, தொடையை நீளவாக்கில் லேசாக இழுத்துக்கொண்டே அதே பக்கத் தோளை நோக்கி மேலே கொண்டுபோகிறீர்கள். தடை வந்ததும் அவர் உங்கள் தோளை எதிர்த்து மெல்லத் தள்ளி, விடுகிறார். நீங்கள் மேலும் சற்று போகிறீர்கள். மூன்று முறை. வலியில்லாமல் நடக்க வேண்டும் என்பதே இதன் விதி. இடுப்பின் முன்புறம் நசுங்குவது போல் இருந்தால் தொடையைச் சற்று வெளியே விலக்கிப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சான்று. தலையின் அடியில், மண்டையோடு கழுத்தோடு சேரும் இடத்துச் சிறு தசைகளை விரல் நுனியால் சில நிமிடம் மெதுவாகத் தாங்கிப் பிடித்தால் ஹாம்ஸ்ட்ரிங் நெகிழ்வு உடனே கூடுகிறது என்று 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. 2015-ல் கிரீவ் குழு, ஒவ்வொரு உள்ளங்காலின் கீழும் 2 நிமிடம் பந்தை உருட்டவைத்து, முன்குனியும் தூரம் கூடியதைக் காட்டியது. உடலின் பின்புறம் முழுக்க ஒரே ஃபேசியா கோடு ஓடுகிறது, அதனால்தான் என்று சிலர் உடனே படம் வரைவார்கள். எனக்குத் தெரிவது வேறு. கழுத்தைத் தொட்டாலும், பாதத்தை உருட்டினாலும், தொடையை அழுத்தினாலும், தசையைச் சுருக்கவைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வேகத்தில் நெகிழ்வு கூடுகிறது. தொடாத தசையும் நெகிழ்கிறது என்றால், மாற்றம் அந்தத் தசைக்குள் நடக்கவில்லை. நடைமுறையில் இது நல்ல செய்தி: தொடையில் கைவைக்கவே முடியாத அளவு வலி உள்ளவருக்கு உள்ளங்காலிலிருந்தோ கழுத்திலிருந்தோ தொடங்கலாம்.

அப்படியானால் நிற்கும் மாற்றம் எப்படி வரும்? வாரக்கணக்கில், திரும்பத் திரும்ப. பாண்டியும் இரியனும் 1994-ல் 15, 30, 60 நொடி ஸ்ட்ரெச்சை வாரம் 5 நாள், 6 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள்: 30-ம் 60-ம் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை, 15 பின்தங்கியது. 1997-ல் பாண்டியின் அடுத்த ஆய்வு, நாளைக்கு ஒரு முறை 30 நொடி செய்வதும் மூன்று முறை செய்வதும் ஒரே பலன் தந்ததைக் காட்டியது. ஆக நாளுக்கு 30 நொடி, விடாமல் ஆறு வாரம். பெரிய அளவு கேட்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் பாதிப் பேர் இரண்டாம் வாரமே விட்டுவிடுகிறார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2004-ல் நெல்சனும் பாண்டியும் செய்தது. ஒரு குழுவுக்கு நிலை ஸ்ட்ரெச். இன்னொரு குழுவுக்கு நீளும்போதே தசை எதிர்த்து வேலை செய்யும் எக்சென்ட்ரிக் பயிற்சி: மல்லாந்து படுத்து, குதிகாலில் மாட்டிய எலாஸ்டிக் பட்டையைக் கையால் இழுத்து நேர்காலைத் தூக்க, கால் அதை எதிர்த்துக்கொண்டே 5 நொடியில் முழுவீச்சும் ஏற வேண்டும், ஆறு முறை. வாரம் 3 நாள், 6 வாரம். எக்சென்ட்ரிக் குழுவுக்கு 12.79 டிகிரி கூடியது, ஸ்ட்ரெச் குழுவுக்கு 12.05, ஒன்றும் செய்யாதவர்களுக்கு 1.67. நெகிழ்வில் சமம், கூடவே நீண்ட நிலையில் தசைக்கு வேலையும் பழகுகிறது. எக்சென்ட்ரிக் பயிற்சி வாரக்கணக்கில் தொடர்ந்தால் தசை இழைக்கற்றைகளின் நீளமே கூடுவதையும் அல்ட்ராசவுண்ட் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைவேலையில் கிடைக்காதது இங்கேதான் கிடைக்கிறது.

எனவே ஓர் அமர்வை இப்படி அமைக்கலாம். அளவெடுங்கள். எம்.இ.டி.யோ ஸ்லைடரோ, சோதனை சொன்னது எதுவோ அது, 5 நிமிடம். மறுபடி அளவெடுங்கள், கூடியது 5 டிகிரிக்குக் கீழே என்றால் நுட்பத்தை மாற்றுங்கள், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். கூடியிருந்தால் உடனே, அரட்டைக்கு இடம் தராமல், ஆளை எழுப்பி நிற்கவைத்து ரொமேனியன் டெட்லிஃப்ட், அதாவது எடையைக் கையில் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து எழும் பயிற்சி. முழங்கால் 15, 20 டிகிரி மடங்கி அப்படியே நிற்க, பிட்டம் பின்னால் போக, முதுகு நேராக, எடை தொடையை ஒட்டி இறங்க வேண்டும். 4 நொடியில் இறங்கி, இழுப்பு தெரியும் இடத்தில் ஒரு நொடி நின்று, ஏறவும். லேசான எடையில் 8 முறை, 3 சுற்று. முதுகு வளையத் தொடங்கும் இடம்தான் இன்றைய எல்லை. தரையைத் தொடுவது குறிக்கோள் அல்ல. முதல் இரண்டு நாள் பின்தொடை வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘சிகிச்சையால் இன்னும் இறுகிவிட்டது’ என்று வருவார். வாரம் இரண்டு மூன்று முறை, நடுவில் வீட்டில் அந்த 30 நொடி. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ‘சிகிச்சைக்கு முன்’ எண்ணை ஒப்பிடுங்கள். சிகிச்சைக்குப் பின் எண் எப்போதுமே அழகாகத்தான் இருக்கும்.

ஓட்டத்துக்கோ ஆட்டத்துக்கோ முன்னால் என்றால் கணக்கு வேறு. ஒரு தசையை 60 நொடிக்கு மேல் நிலையாக நீட்டிப் பிடித்தால் சற்று நேரத்துக்குப் பலம் குறையலாம். அப்போது ஸ்லைடரும் அசைவோடு கூடிய பயிற்சிகளும் போதும்.

கைவைக்கவே கூடாத இடங்களும் உண்டு. ஓடும்போது ‘பட்’ என்று தெறித்து, நீலம் பாரித்திருந்தால் அது கிழிவு. முதல் நாட்களில் நீட்டுவதும் அழுத்துவதும் கூடாது. வளரும் வயதுப் பிள்ளைக்கு உட்காரும் எலும்பருகே திடீர் வலி என்றால், தசைநாண் எலும்புத் துண்டோடு பெயர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கும்வரை தொடாதீர்கள். உட்கார்ந்தால் உட்காரும் எலும்பில் குத்துகிறது, ஓட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கிறது, ஸ்ட்ரெச் செய்தால் மறுநாள் மோசம் என்பவருக்குப் பெரும்பாலும் மேல்முனைத் தசைநாண் கோளாறு. நீட்டும்போது அந்தத் தசைநாண் எலும்பின் மேல் நசுங்குகிறது. இவரும் ‘டைட்’ என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்; இவருக்கு ஸ்ட்ரெச்சே நோய். நேர்காலை 30-லிருந்து 70 டிகிரிக்குள் தூக்கும்போது முழங்காலுக்குக் கீழே வலி ஓடினால் முதுகைச் சோதிக்க வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவதோ, உட்காரும் இடம் மரத்துப்போவதோ சேர்ந்திருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதியாகும்வரை மசாஜ் கூடாது. ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவரிடம் கருவியையும் ஆழ்ந்த அழுத்தத்தையும் தவிர்த்து, எம்.இ.டி.யோடு நில்லுங்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண் அசையவில்லை என்றால், தடையின் தன்மையைக் கையால் மறுபடி பாருங்கள். தசையின் தடை ரப்பர் போல இருக்கும், அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கும். எலும்பில் முட்டியது போலச் சட்டென்று நின்றால், முழங்காலை மடக்கியபடியே தொடையை மார்பை நோக்கிக் கொண்டுபோங்கள். அதுவும் 100, 110 டிகிரியில் முட்டி நிற்கிறது என்றால் தடை இடுப்பு மூட்டில். ஹாம்ஸ்ட்ரிங்கில் செலவழிக்க இனி ஒன்றும் இல்லை. இரண்டு காலும் ஒரே அளவு, வலி இல்லை, அவர் செய்யும் வேலைக்கோ விளையாட்டுக்கோ அந்தக் கோணம் போதும் என்றால், 25 டிகிரி குறைவைக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு, நேரத்தைப் பலப் பயிற்சிக்குக் கொடுங்கள்.